பாக்டீரியா பெர்குளோரேட்டைத் தின்பதில்லை: ‘உயிரிவழி நச்சகற்றல்’ சொல் விளக்கம்

பெர்குளோரேட் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த நீரைப் பாக்டீரியா கொண்டு சரிசெய்யும் முறையைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ‘உயிரியல் நிவாரணம்’ என்கிறார்கள். பயோரெமிடியேஷன் என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் அகப்பட்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இனியும் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

சொல்லின் பிறப்பு எளிது. ‘பயோஸ்’ கிரேக்கத்தில் உயிர். ‘ரெமிடியம்’ லத்தீனில் மருந்து. உயிரியைக் கொண்டு மண்ணுக்கோ நீருக்கோ நேர்ந்த கேட்டை நீக்குவது, அவ்வளவுதான். பெர்குளோரேட் என்பது ஒரு குளோரினைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வேதிப்பெயரைத் தமிழாக்குகிறேன் என்று முறுக்கினால் யாருக்கும் புரியாது.

நிவாரணத்துக்கு வடமொழியில் விலக்கல், தடுத்தல் என்ற பொருள் உண்டுதான். ஆனால் இன்றைய தமிழில் அது புயல் நிவாரணம், வெள்ள நிவாரணம். பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசிப் பகுதியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் பொருள் அது. அந்த ஊர்க்காரரிடம் போய் ‘உயிரியல் நிவாரணம்’ என்றால், பணம் எப்போது வரும் என்றுதான் கேட்பார். கேட்பவர்மேல் தப்பில்லை.

இன்னொரு கூட்டம் ‘நுண்ணுயிர் வடிகட்டல்’ என்கிறது. வடிகட்டினால் அழுக்கு வடிகட்டியில் தங்கும். நீரில் முழுக்கக் கரைந்துவிடும் பெர்குளோரேட்டை மணல் வடிகட்டி நிறுத்தாது. அயனிப் பரிமாற்றப் பிசின், அதாவது நீரில் கரைந்த அயனிகளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் செயற்கைப் பிசின், அதைப் பிடித்துவைக்கும்; ஆனால் பிடித்த நஞ்சை அப்புறம் எங்கே கொட்டுவது என்ற கேள்வி நிற்கும். பாக்டீரியா வேலை செய்த பிறகு அந்தக் கேள்வியே இல்லை. இந்த முறையின் பெருமையே அதுதான். அதைப் பெயரே மறைத்துவிடலாமா?

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் தருவது ‘பெர்குளோரேட் தின்னும் பாக்டீரியா’. படிக்கச் சுவையாக இருப்பதால் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் டெக்ளோரோமோனாஸ், அசோஸ்பைரா போன்ற பாக்டீரியாக்கள் பெர்குளோரேட்டைத் தின்பதில்லை, சுவாசிக்கின்றன. நாம் சோற்றைத் தின்று ஆக்சிஜனை மூச்சில் இழுக்கிறோமே, அதுபோல அவற்றுக்கு உணவு வேறு, மூச்சு வேறு. ஒரு நொதி பெர்குளோரேட்டிலிருந்து ஆக்சிஜனை ஒவ்வொன்றாகப் பறித்து முதலில் மூன்று ஆக்சிஜன் உள்ள குளோரேட்டாக, பிறகு இரண்டே உள்ள குளோரைட்டாக ஆக்குகிறது. அடுத்த நொதி குளோரைட்டை உடைத்து, ஆக்சிஜனே இல்லாத குளோரைடையும் ஆக்சிஜனையும் பிரிக்கிறது. பிறந்த ஆக்சிஜனையும் பாக்டீரியாவே பயன்படுத்திக்கொள்கிறது. மிஞ்சுவது சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே குளோரைடு.

தின்றால் என்ன, சுவாசித்தால் என்ன என்று கேட்காதீர்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள ஹெண்டர்சனைப் பாருங்கள். ராக்கெட் எரிபொருளுக்கு அம்மோனியம் பெர்குளோரேட் செய்த ஆலைகள் அங்கே இருந்தன. நிலத்தடியில் இறங்கிய நஞ்சு லாஸ் வேகாஸ் வாஷ் என்ற ஓடை வழியாக மீட் ஏரிக்கும் கொலராடோ ஆற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. மிகக் குறைந்த அளவையும் காட்டும் சோதனை முறை வந்தபின், 1997-இல்தான் இது வெளியே தெரிந்தது. மாசு நீரை இறைத்து, பாக்டீரியா படலம் பிடித்த துகள்கள் மிதக்கும் கலன்களில் அங்கே ஏற்றுகிறார்கள். கூடவே எத்தனாலும் ஊற்றுகிறார்கள். அதுதான் உணவு! ‘தின்னும்’ என்று படித்தவருக்கு எத்தனால் எதற்கென்றே விளங்காது. நீரில் ஆக்சிஜனும் நைட்ரேட்டும் இருந்தால் பெர்குளோரேட் ஏன் பின்தங்கிப் போகிறது என்பதும் விளங்காது. மூச்சு என்று சொல்லிவிட்டால் உடனே புரியும்: சுவாசிக்க எளிதானது கையருகில் இருக்கும்போது பாக்டீரியா பெர்குளோரேட்டைத் தேடிப் போவதில்லை. பிழையான ஒரு வினைச்சொல், அந்தக் கலனில் நடக்கும் அத்தனையையும் மறைத்துவிடுகிறது.

பொதுச்சொல்லாக நான் பரிந்துரைப்பது ‘உயிரிவழி நச்சகற்றல்’. ‘வழி’ என்ற ஒட்டு முக்கியம். அதை விட்டு ‘உயிரி நச்சகற்றல்’ என்றால் உயிரியின் நஞ்சை அகற்றுவதோ என்று மயக்கம் வரும். ‘உயிரிவழிச் சுத்திகரிப்பு’ என்று எழுதுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை. வடசொல் என்பதற்காக மட்டும் தெளிவான ஒன்றைத் தள்ள மாட்டேன். ஆனால் ‘நச்சழிப்பு’ என்பதைப் பொதுச்சொல்லாக்க வேண்டாம். செடிகள் மண்ணிலிருந்து ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சும்போது உலோகம் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. அது அகற்றல். பெர்குளோரேட் உடைந்தே போகிறது, ஆகவே அதற்கு மட்டும் ‘நுண்ணுயிர்வழி நச்சழிப்பு’ என்று துணிந்து எழுதலாம்.