முருங்கையில் கம்பளிப்பூச்சியா? கொளுத்த வேண்டாம்

வடகிழக்குப் பருவமழை காலத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே மரத்தைப் பற்றியவை. "சார், முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சி. மரத்தை வெட்டிவிடலாமா?" வீட்டுத் தோட்டங்களுக்குப் பூச்சி மேலாண்மை ஆலோசனை சொல்வது என் தொழில். சென்னையில் அழைப்பு மடிப்பாக்கத்திலிருந்து வந்தாலும் பெரம்பூரிலிருந்து வந்தாலும் என் பதில் ஒன்றுதான்: வெட்டவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம்.

யூப்டிரோட் மொல்லிஃபெரா என்ற அந்துப்பூச்சியின் புழுப்பருவம் இது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பூச்சி. முருங்கைதான் அதன் சாப்பாட்டு இலை. 'பாவம், வளர்ந்தால் வண்ணத்துப்பூச்சி ஆகும்' என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். ஆகாது. மழை பெய்த இரவில் வாசல் விளக்கைச் சுற்றும், மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பு இறக்கையுள்ள பெரிய அந்துப்பூச்சியாகத்தான் ஆகும். இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்கு உறிஞ்சுகுழல் மிகச் சிறுத்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தின்ன வேண்டியதையெல்லாம் புழுவாக இருக்கும்போதே தின்று முடித்துவிடும். அதற்குப் பிறகு இணைசேர்வதும் முட்டையிடுவதும்தான் வேலை.

முட்டைகள் இலையிலும் இளந்தண்டிலும் குவியலாக இருக்கும். பொரித்த புழுக்கள் கூட்டம் கூட்டமாகவே வளர்கின்றன. இரவில் மேலே போய் இலையைத் தின்னும், பட்டையையும் சுரண்டும். விடிந்ததும் இறங்கி, அடிமரத்தில் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். தள்ளி நின்று பார்த்தால் பட்டைதான் புடைத்திருக்கிறது என்று தோன்றும். கிட்டே போனால் பழுப்பு மயிர்க் கூட்டமும், அதன் நடுவே கழற்றிப் போட்ட பழைய தோல்களும் தெரியும். அந்தத் தோலிலும் மயிர் அப்படியே இருக்கும். புழுவே இல்லாத மரத்தில் கை வைத்தவருக்கும் அரிப்பு வருவது இதனால்தான். பொழுது சாய்ந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். முழுதாக வளர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும். மழையில் மண் நனைந்த பிறகு அந்துப்பூச்சி வெளியே வரும்.

இந்த நேர அட்டவணைதான் நமக்குக் கிடைத்த பிடி. பகலில் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் ஒரே இடத்தில் இருக்கும்போது, ஏணி போட்டு மருந்தடிக்க ஏன் மெனக்கெட வேண்டும்? முருங்கைக் கிளை ஆளைத் தாங்காது என்பது ஊருக்கே தெரியும். அடிக்கிற விஷம் நாளைக்குக் கீரையாகவும் சாம்பாராகவும் நம் தட்டுக்கே வரும். பந்தம் கொளுத்திக் காட்டுவது வயல்வெளிக்குச் சொல்லப்பட்ட பழைய வழி. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் அதைச் செய்தால் சூட்டில் மயிர் பறந்து பக்கத்து வீட்டுக் கொடித்துணியில் படியும். பட்டையும் கருகும்.

முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, நீளக் கழியில் கட்டிய துடைப்பத்தால் கூட்டத்தை வழித்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளுங்கள். மிஞ்சியவற்றின் மேல் மீன் எண்ணெய் ரோசின் சோப்பை (பூச்சிகள் மேல் தெளிக்கும் ஒரு வகைச் சோப்பு) லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். பிறகு மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெளியே வந்துவிடும். மைனாவும் காக்கையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மயிர் அடர்ந்த புழுக்களையே விரும்பித் தின்னும் சுடலைக்குயில் உங்கள் தோட்டத்துக்கு வந்தால் அதை விரட்டாதீர்கள். இலை மொத்தமும் போனாலும் வளர்ந்த முருங்கை மறுபடி துளிர்த்துவிடும். இளங்கன்றுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை.

உடம்பில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், சொறியாதீர்கள். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் மயிர் அதோடு வரும். அதற்குப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண்ணில் விழுந்தால் விஷயமே வேறு. கசக்கக் கசக்க மயிர் உள்ளே ஏறும், கருவிழியையும் துளைக்கும். சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். 1819 முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. எங்கே போனாலும், 'கண் சிவந்திருக்கிறது' என்று மட்டும் சொல்லாமல் கம்பளிப்பூச்சி மயிர் விழுந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மயிரை வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். அதற்கென்று உள்ள நுண்ணோக்கியில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.