பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போகும் கார்கள்

பழைய அமெரிக்கக் கார்களின் டை-காஸ்ட் மாடல்களை, அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த சிறிய மாதிரிக் கார்களை, பழுதுபார்த்துக் கொடுப்பது என் தொழில். என் மேசைக்கு வருகிறவற்றில் கீழே விழுந்து உடைந்தவை குறைவு. பெட்டியை விட்டு வெளியே எடுக்காமல், பொத்திப் பொத்தி வைத்துக் கெட்டுப்போனவைதான் அதிகம். சேகரிக்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அண்மையில் ஒருவர் 1959 கேடிலாக் எல்டொராடோ ஒன்றைக் கொண்டுவந்தார். 1:24 ஸ்கேல். நிஜக் கார் 225 அங்குல நீளம் என்பதால் மாடலே ஒரு சாணுக்கு மேல் இருக்கும். வாங்கியதிலிருந்து தெர்மாகோலுக்குள், பிளாஸ்டிக் தாள் சுற்றியபடியே இருந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால், அந்த அழகான வால் துடுப்புகளின் விளிம்பு முழுக்க வேர்க்குரு போலப் பெயின்ட் பொரிந்திருந்தது. ஒரு பொரியை நகத்தால் தொட்டேன். உதிர்ந்தது. அடியில் வெள்ளைப் பொடி.

அந்தப் பொடி, துத்தநாகம் அரித்து வந்தது. இந்த மாடல்களின் உடல் பெரும்பாலும் ஜமாக் என்ற கலவை: துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம், சிறிதளவு மக்னீசியம், செம்பு. சுற்றிய பிளாஸ்டிக்குக்குள் ஈரம் புகுந்தால் வெளியேற வழியில்லை. அது பெயின்டின் நுண்ணிய துளைகள் வழியே இறங்கி உலோகத்தை அரிக்கிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அதே காரின் டயர்கள் ஸ்டாண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பிவிசி டயர் மிருதுவாக இருக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் நாளாக ஆகக் கசிந்து, பிளாஸ்டிக் ஸ்டாண்டையும் சக்கர ரிம்மையும் இளக்கிவிடும். ஆகவே சேஸிஸுக்கு (காரின் அடிச்சட்டத்துக்கு) அடியில் சிறு அக்ரிலிக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்து, டயர் தரையில் படாமல் நிறுத்துங்கள். டயர் சப்பையாவதும் இதனால் தவிரும்.

சரி, எங்கே வைப்பது? கண்ணாடி, பெயின்ட் அடித்த ஸ்டீல் அலமாரி நல்லது. மர அலமாரி பார்க்க லட்சணம்தான், ஆனால் ஓக் போன்ற மரங்களிலிருந்து வரும் அமில ஆவி துத்தநாகத்துக்கு ஆகாது. ஈயம் கலந்த வொயிட் மெட்டல் மாடல்களுக்கு இன்னும் மோசம். வெயில் படாத இடத்தில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, ஜெல்லை அவ்வப்போது மாற்றுங்கள். பெட்டியைத் தனியாக எடுத்து வையுங்கள். அதற்கும் விலை உண்டு.

உலோகமே உள்ளிருந்து சிதையும் ஜிங்க் பெஸ்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதையும் மேலே சொன்ன ஈர அரிப்பையும் குழப்பிக்கொள்கிறார்கள். வார்க்கும்போதே ஈயம் கலந்துவிட்டால், உலோகம் உள்ளுக்குள்ளேயே விரிந்து வெடிக்கும். முடிக்கீற்றுப் போன்ற கோடுகள் ஓடும், கதவு மூடாது, சேஸிஸ் வளையும், கடைசியில் கையில் பொடியாக வரும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929இல் மிகச் சுத்தமான துத்தநாகத்தைக் கொண்டு ஜமாக்கை உருவாக்கிய பிறகும், கலவையில் கவனம் தப்பிய இடங்களில் இது தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி (பிரிட்டிஷ் பொம்மைக் கார் பிராண்ட்) கார்களில் இது நிறைய. 1950களின் டிங்கி பேக்கார்ட், இன்னொரு பிரிட்டிஷ் பிராண்டான கார்கியின் ஸ்டூடிபேக்கர் கோல்டன் ஹாக் போன்றவை பொதுவாக நன்றாகவே நிற்கின்றன. ஜிங்க் பெஸ்டுக்கு மருந்து கிடையாது. பசை, எண்ணெய், வார்னிஷ் எதுவும் உதவாது. ஆனால் இது பக்கத்துக் காருக்குத் தொற்றாது. பயந்துபோய் மொத்தச் சேகரிப்பையும் விற்றுவிடாதீர்கள்.

அப்புறம், துடைப்பது. பெரிய பம்பர், கிரில் எல்லாம் பளபளப்பதைப் பார்த்து மெட்டல் பாலிஷ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது பெரும்பாலும் பிளாஸ்டிக் மேல் படிந்த மிக மெல்லிய அலுமினியப் படலம், ஒரே தேய்ப்பில் போய்விடும். மென்மையான மேக்கப் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும்.

பழையது வாங்குவதானால், விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: பக்கவாட்டு வெளிச்சத்தில் கூரையும் பானெட்டும், கவிழ்த்துப் பிடித்த சேஸிஸ், கதவு மூடிய நிலையில் இடைவெளி. "சீல் பிரிக்காத பெட்டி" என்று அவர் படம் தர மறுத்தால், கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.