முகம் பார்க்கக் கிடைக்காத சாவுகள்

கொரோனா பரவிய 2020-லும் 2021-லும் தொலைக்காட்சிகளிலிருந்து மனநல மருத்துவர்களுக்கு ஓயாமல் போன் வரும். "டாக்டர், ஊரடங்குல மனச லேசா வெச்சுக்க அஞ்சு டிப்ஸ் சொல்லுங்க." மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், செய்தி பார்ப்பதைக் குறையுங்கள் என்று நாங்களும் சொன்னோம். தப்பில்லை. வீட்டுக்குள் அடைந்து மிரண்டு கிடந்தவர்களுக்கு அது உதவியது. தடுப்பூசி வந்து, நாளும் ஓட, அந்தப் பயம் பெரும்பாலானவர்களுக்கு வடிந்தும் விட்டது. வடியாமல் இன்றைக்கும் என் ஓ.பி.க்கு வந்துகொண்டிருப்பது வேறு. அந்த நாட்களில் செத்தவர்களுக்காக முறையாக அழக்கூட முடியாமல் போனவர்களின் துக்கம்.

துக்கம் என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. நெஞ்சுப் படபடப்பு, தலைபாரம், விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, எதிலும் பிடிப்பில்லை என்று வருவார்கள். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பொது மருத்துவர் அனுப்பியிருப்பார். "வீட்ல யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டால் ஒரு நிமிடம் பேச்சே வராது. பிறகு தேதியோடு சொல்வார்கள். பெரும்பாலும் அது 2021 மே மாதமாக இருக்கும். தமிழ்நாட்டில் ஒரே நாளில் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டிய மாதம் அது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசைகட்டி நின்ற மாதம்.

ஒரு பெண் சொன்னதை எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கணவரை வார்டில் சேர்த்துவிட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர். நான்காம் நாள் போன் வந்தது. சுருட்டிக் கட்டிய உடலைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். முகம் தெரியவில்லை. "அது அவர்தானான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது சார். ஆள் மாறிப் போயிருந்தா? எங்கயாவது உசுரோட இருந்தா?" என்றார். இது புத்தி பேதலிப்பு அல்ல. கண்ணால் பார்க்காததை மனம் நம்ப மறுக்கிறது, அவ்வளவுதான். கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் வீடுகளிலும் இதே கேள்வியை வருடக்கணக்கில் கேட்கலாம்.

நம்மூர்ச் சாவு வீட்டை ஒரு மனநல மருத்துவனாகப் பார்க்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கும். முகத்தை எல்லோரும் பார்க்கும்படி கிடத்துகிறோம். வாய்க்கரிசி போடும்போது ஒவ்வொருவரும் கையால் ஏதோ ஒன்று செய்து விடைகொடுக்கிறோம். வாய்விட்டு அழுவதற்கு ஒப்பாரி இருக்கிறது. அழத் தெரியாதவரையும் அது அழவைத்துவிடும். அந்த வீட்டில் அடுப்பு எரியாது, பங்காளி வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ சோறு வரும். மூன்றாம் நாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம், முப்பது, வருசத் திவசம் என்று துக்கத்துக்குக் காலக்கெடு வைத்திருக்கிறோம். இஸ்லாமியர் வீடுகளிலும் கிறிஸ்தவர் வீடுகளிலும் முறைகள் வேறு, நடக்கும் வேலை ஒன்றுதான். சாமியை நம்பாத குடும்பங்கள் படத்திறப்பு வைக்கின்றன. ஐம்பது பேர் கூடி, செத்தவரைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகப் பேசி, "அவர் போய்விட்டார்" என்பதை வீட்டாருக்கு மறுபடி மறுபடி சொல்கிறார்கள். கொரோனா இதை மொத்தமாகத் துடைத்துப் போட்டது. வீட்டில் மிஞ்சியவர்களும் தொற்றோடு தனிமைப்படுத்தப்பட்டுக் கிடந்தார்கள். வாசலில் ஸ்டிக்கர், சில தெருக்களில் தகரத் தடுப்பு. துக்கம் விசாரிக்க வந்தவர் போனில்தான் வந்தார்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. முகத்தைக் காட்டக் கூடாது என்று விதி இருந்ததாகவே பலரும் நினைக்கிறார்கள். 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்துப் பாருங்கள். பாதுகாப்பு உடை அணிந்த ஊழியர், உடலை வைத்த பையின் முகப்பக்க ஜிப்பைத் திறந்து, உறவினர் கடைசியாக ஒருமுறை பார்க்க அனுமதிக்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது. உடலைத் தொடாமல் மந்திரமோ வேதமோ ஓதலாம், தீர்த்தம் தெளிக்கலாம். குளிப்பாட்டுவதும் கட்டிப்பிடிப்பதும் முத்தமிடுவதும்தான் கூடாது. சாம்பலால் ஆபத்தில்லை என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆள் பற்றாக்குறையும் பயமும் சேர்ந்து அந்த இரண்டு நிமிட ஜிப் திறப்பைப் பல இடங்களில் இல்லாமல் ஆக்கிவிட்டன. அந்தப் பயம் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு 2020 ஏப்ரலில் சென்னையில் நடந்ததே சாட்சி. கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கூடி ஆம்புலன்ஸைத் தாக்கியது.

இலங்கையில் பயத்தோடு அரசாணையும் சேர்ந்துகொண்டது. தொற்றில் இறந்தவர்களைப் புதைக்கலாம், எரிக்கலாம், எதுவானாலும் சரி என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் 2021 பிப்ரவரி இறுதிவரை அங்கே தகனம் மட்டுமே. பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் எரிக்கக் கொடுத்துவிட்டு வந்தன. அடக்கத்துக்கு அனுமதி வந்தபோதும் இடம் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிதான். தீவின் எந்த மூலையில் இறந்தாலும் அங்கேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அரசின் மன்னிப்பு அந்த வீடுகளின் தூக்கத்தைத் திருப்பித் தருமா, தெரியவில்லை. ஆனால் நடந்தது தவறு என்று எழுத்தில் வருவதற்கும் துக்கத்தில் ஓர் இடம் உண்டு.

இழப்புக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்பது குற்றவுணர்ச்சி. "நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகாம இருந்திருந்தா அப்பாவுக்கு வந்திருக்காது." "முதல் நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்." "அந்த ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கக் கூடாது." இப்படி ராத்திரி முழுக்க மனம் கணக்குப் போடும். உடனே "உங்க மேல தப்பில்ல" என்று சொல்லிவிடுவது சுலபம், பயன் குறைவு. நான் முழுக் கதையையும் கேட்பேன். முதல் காய்ச்சலிலிருந்து கடைசி போன்வரை, நாள் வாரியாக. சொல்லச் சொல்ல, அன்றைக்குத் தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது அவர்களுக்கே புலப்படும். தொற்றியதற்கும் அறிகுறி தெரிவதற்கும் இடையில் இரண்டு நாளும் ஆகலாம், பதினான்கு நாளும் ஆகலாம். அறிகுறி வருமுன்பே ஒருவர் மற்றவருக்குப் பரப்பிவிட முடியும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒரு வீட்டுக்குள் தீர்ப்புச் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. இதை நான் முதலிலேயே சொன்னால் ஆறுதல் வார்த்தையாகக் கேட்கும். அவர்கள் கதையைச் சொல்லி முடித்த பிறகு சொன்னால் தகவலாகப் போய்ச் சேரும்.

எது இயல்பான துக்கம், எது சிகிச்சை தேவைப்படுவது? செத்தவரின் குரல் காதில் விழுவது, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுவது, அவர் சட்டையை மோந்து பார்த்து அழுவது எதற்கும் பயப்பட வேண்டாம். நாள் கிழமை வந்தால் துக்கம் மறுபடி பொங்கும், அதுவும் இயல்பே. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கக் கோளாறு என்று இப்போது தனியாகவே ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் கடந்தும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறி, தினமும் ஏக்கம் அடித்துப்போட்டு, வேலையும் வீடும் நின்றுபோயிருந்தால் அதை அப்படி அழைக்கிறோம். மனச்சோர்வு இன்னொரு ரகம். அதில் செத்தவரைப் பற்றிய நினைவு மட்டும் வலிப்பதில்லை, எல்லாமே சப்பென்று போய்விடும், தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் அப்பிக்கொள்ளும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உடம்பு உதறுவது, அந்த மருத்துவமனை இருக்கும் சாலையையே தவிர்த்துச் சுற்றிப் போவது அதிர்ச்சியின் பின்விளைவு. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும்.

துக்கத்துக்கென்று மாத்திரை கிடையாது. மனச்சோர்வு சேர்ந்திருந்தால் மருந்து உண்டு. வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் ராத்திரிக் குவார்ட்டரும்தான் நான் பயப்படுபவை. இரண்டும் தூங்கவைப்பதுபோல் தெரியும், சில வாரத்தில் அவை இல்லாமல் தூக்கமே வராது என்ற நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

சிகிச்சை என்று நான் அதிகம் செய்வது, விட்டுப்போன சடங்கைத் தாமதமாகச் செய்யச் சொல்வதுதான். மூன்று வருடம் ஆனாலும் சரி, ஐந்து வருடம் ஆனாலும் சரி. ஒரு நாள் குறியுங்கள். அன்று வந்திருக்க வேண்டியவர்களைப் பெயர் சொல்லி அழையுங்கள். ஆடி அமாவாசையில் கொடுமுடியிலோ ராமேஸ்வரத்திலோ திதி கொடுக்கலாம், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றலாம், நினைவுத் திருப்பலி வைக்கலாம், ஜமாஅத் பெரியவர்களிடம் கேட்டுத் துஆ ஓதலாம், எதுவும் வேண்டாமென்றால் படத்திறப்பு. அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள். மேலே சொன்ன அந்தப் பெண் கணவரின் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். அதில் ஒருவர் சுடுகாடுவரை கூடவே போனவர், பையின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் படித்தவர். அதை அவர் வாயால் கேட்டதுதான் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த முகதரிசனம். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. கணவரின் ஆதார் அட்டையை அரசுக் காரியத்துக்காக முதன்முறையாகப் பீரோவிலிருந்து வெளியே எடுத்தார், அவ்வளவுதான்.

காகிதங்களும் ஒரு காயம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். இறப்புச் சான்றில் "கொரோனா" என்று இல்லாததால் 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு அலைந்தவர்கள் பலர். பணத்தைவிட, "எங்கப்பா எதுல செத்தார்னே ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்ற கோபம் அவர்களை அதிகம் அரித்தது. அப்படி ஒருவர் வந்தால் அந்தக் கோபத்துக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தராதீர்கள். மனு எழுத உதவுங்கள்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு: தாமதமானாலும் போங்கள். "ஊர் உலகத்துக்கே வந்ததுதானே", "இன்னுமா அதையே நெனச்சுட்டு இருக்கே" இரண்டும் வேண்டாம். "அவரைப் பத்திச் சொல்லுங்க" என்றால் போதும்.

குழந்தைகளிடம் செத்துவிட்டார் என்றே சொல்லுங்கள். "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடும். உண்மை தெரியும்போது உங்களை நம்பாது. ஆறேழு வயதுப் பிள்ளை, தான் அடம்பிடித்ததால்தான் அம்மா செத்தாள் என்றுகூட நினைத்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று தெரியாது, கேரளத்தில் நிபா வைரஸ் அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. மருத்துவமனை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. செயற்கை சுவாசக் குழாய் போடுமுன் ஒரு வீடியோ கால். தினம் ஒரே ஊழியர், ஒரே நேரத்தில், வீட்டுக்கு ஒரு போன். இறந்தால் முகத்தைக் காட்டுவதற்கென்று ஓர் ஆள். போனும் தாலியும் மோதிரமும் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கித் திருப்பித் தரப்படுவது. இவற்றுக்கு மனநல மருத்துவரே தேவையில்லை. இவை நடந்தால் எங்களிடம் வருகிறவர்கள் குறைவார்கள்.

வீட்டில் யாராவது "நானும் போயிருக்கலாம்" என்று சொன்னால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, இருந்தால் வெளியே வரும். அவரைத் தனியே விடாதீர்கள். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104-க்கும் மத்திய அரசின் மனநல உதவி எண் 14416-க்கும் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வரும்போது பழைய கொரோனா டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தால் கொண்டுவாருங்கள். இழந்தவர்களில் பலர் தாங்களும் தொற்றில் கிடந்து எழுந்தவர்கள். அன்றைக்கு எவ்வளவு நோய் இருந்தது, என்ன மருந்து போனது என்று பார்ப்போம். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரைப் பரிசோதனையும் எழுதித் தருவோம். இந்தச் சோர்வில் எது துக்கம், எது உடம்பு என்று பிரித்துப் பார்க்க அது வேண்டியிருக்கிறது.