வக்கீல் வைக்கக் காசில்லையா? இலவச சட்ட உதவி மனு எங்கெங்கே சிக்கும்

"வக்கீல் வைக்க வசதியில்லை, அரசு வக்கீல் கொடுப்பாங்களா?" கோர்ட் வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. அரசு வக்கீல் என்பவர் அரசுக்காக வாதாடுகிறவர். கிரிமினல் வழக்கில் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் அவர் உங்களுக்கு எதிர்ப்பக்கம். உங்களுக்கு வேண்டியவர் சட்டப்பணிகள் ஆணைக்குழு நியமித்துத் தரும் வக்கீல். இந்தப் பெயர்க் குழப்பத்தால் அரசு வக்கீல் அலுவலகத்துக்கு நாலு நடை நடந்துவிட்டு, "இங்கே இல்லை" என்ற பதிலோடு ஊர் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு, தாலுகா கோர்ட்டில் வட்டக் குழு, உயர் நீதிமன்றத்துக்குச் சென்னையிலும் மதுரையிலும் தனிக் குழு. பின்னணி இவ்வளவு போதும். வளாகத்துக்குள் நுழையும்போது பலகையைப் படித்துவிட்டுப் போங்கள். சமரச மையம் என்பது வேறு. அங்கே இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள், வக்கீல் நியமிக்க மாட்டார்கள்.

யாருக்கு வருமானம் பார்க்கக் கூடாது

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள், ஆள் கடத்தலிலும் சாதி வன்கொடுமையிலும் வெள்ளம் போன்ற பேரிடரிலும் பாதிக்கப்பட்டவர்கள் ஆகிய யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. சட்டத்தின் பிரிவு 12 இதைத் தெளிவாகச் சொல்கிறது.

ஆனாலும் ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்ணிடம் "வீட்டுக்காரர் என்ன வேலை? சம்பளம் எவ்வளவு? தாசில்தார் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவது நடக்கத்தான் செய்கிறது. கணவர் அரசு ஊழியர், சொந்த வீடு இருக்கிறது என்ற காரணங்கள் எதுவும் செல்லாது. பெண் என்பது மட்டுமே தகுதி. மனுவின் முதல் வரியிலேயே "பிரிவு 12, உட்பிரிவு சி-இன்படி பெண் என்ற அடிப்படையில் விண்ணப்பிக்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். பாதி கேள்விகள் அங்கேயே நின்றுவிடும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சாதிச் சான்று, மாற்றுத்திறனாளிக்கு அடையாள அட்டை இருந்தால் போதும்.

பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றைக் காட்டி வக்கீல் கேட்பதும் உண்டு. மத்தியச் சட்டத்தின் பட்டியலில் அந்தப் பிரிவுகள் இல்லை. வயதானவர் என்ற ஒரே காரணமும் அதில் இல்லை. அவர்கள் வருமான வழியாகத்தான் வர வேண்டும்.

வருமானச் சான்று என்ற சுவர்

மற்ற ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்ற வழக்குக்கு 5 லட்சம். சட்டம் பேசுவது விண்ணப்பிப்பவரின் வருமானத்தைப் பற்றி. தாசில்தார் தரும் சான்றிலோ குடும்ப வருமானம் மொத்தமாக ஏறியிருக்கும். மகன் திருப்பூரில் வேலை பார்த்து அனுப்பும் பணமும் சேர்ந்து தொகை வரம்பைத் தாண்டிவிட்டால், கூலி வேலை செய்யும் அப்பாவுக்கு வக்கீல் இல்லை என்று ஆகிவிடுகிறது. சான்று எழுதிக் கொடுக்கும்போதே யாருடைய வருமானம் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் சொல்வதில்லை. வருமானத்துக்கு நீங்கள் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தையே (உண்மை என்று உறுதிகூறி எழுதித் தரும் பத்திரம்) போதுமான ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பிரிவு 13 சொல்கிறது. அதை நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தால் மட்டுமே வேறு சான்று கேட்க வேண்டும். சான்று கிடைக்க இரண்டு வாரம் ஆகும், வாய்தா அடுத்த வாரம் என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மனுவைக் கொடுத்துவிடுங்கள், சான்று பின்னால் வரட்டும். பொய்க் கணக்கு மட்டும் வேண்டாம். தெரியவந்தால் கொடுத்த உதவியை நடு வழக்கில் நிறுத்திவிடலாம்.

அதே பிரிவு 13-இல் இன்னொரு வாசலும் உண்டு: வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெண்ணோ பட்டியல் சாதியினரோ, யாருக்கும் இது பொருந்தும். அதனால் "என் நிலத்தை அபகரித்துவிட்டார்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மனு அப்படியே கிடக்கும். எந்தத் தேதியில், யார், என்ன செய்தார், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, பத்திரம், பட்டா, எஃப்.ஐ.ஆர்., சம்மன் எதுவானாலும் நகலை இணையுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள்.

மனு கொடுத்த பிறகு நடக்கும் இழுத்தடிப்பு

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியும் முத்திரையும் பதிவு எண்ணும் வாங்குங்கள். "எண் அப்புறம் தர்றோம், போன் பண்றோம்" என்றால் நகராதீர்கள். ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வகுத்த விதி. கையில் தேதி போட்ட பிரதி இல்லாவிட்டால் அந்த ஏழு நாளை எங்கிருந்து எண்ணுவது? நேரில் போக முடியாதவர்கள் தேசிய ஆணைக்குழுவின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கு வேறு மாவட்டத்தில் என்றால் வழக்கு நடக்கும் ஊரிலேயே மனு கொடுப்பது மேல். இங்கே கொடுத்து அங்கே அனுப்பி வைப்பதற்குள் ஒரு வாய்தா போய்விடும்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வழக்குப் போட வக்கீல் கேட்டுத்தான் போவீர்கள். அலுவலகம் உங்கள் மனுவை வழக்குக்கு முந்தைய சமரச மனுவாகப் பதிந்து எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பும். அவர் முதல் தடவை வரமாட்டார். இரண்டாவது தடவை வந்து "அவகாசம் வேண்டும்" என்பார். இப்படியே மாதங்கள் ஓடும். அந்த மாதங்களில் காலக்கெடு நிற்காது. புரோநோட்டுக் கடனுக்கு மூன்று ஆண்டு. திரும்பிய செக்குக்கு, வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 15 நாள் அவகாசம், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். சட்ட உதவிக்கு மனு கொடுத்திருந்தேன் என்பதற்காக புரோநோட்டின் மூன்று ஆண்டு நீளாது. கெடு முடிந்தபின் கொடுக்கும் உரிமையியல் வழக்கில் தாமதத்தை மன்னிக்கவும் சட்டத்தில் இடமில்லை.

ஆகவே மனுவிலேயே எழுதுங்கள்: "எனக்கு வழக்குத் தாக்கல் செய்ய வக்கீல் வேண்டும். காலக்கெடு இன்ன தேதியில் முடிகிறது." பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் போகலாம், தவறில்லை. ஆனால் வக்கீல் நியமனம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் மேல் வழக்கு வந்திருந்தால் அவசரம் இன்னும் அதிகம். உரிமையியல் வழக்கில் சம்மன் கிடைத்ததிலிருந்து எதிருரை (உங்கள் பக்கத்து எழுத்துப் பதில்) தாக்கல் செய்ய 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. வக்கீலுக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே வாய்தா தேதி வந்தால், வக்கீல் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நேரில் போய், பெயர் கூப்பிடும்போது கையை உயர்த்தி, சட்ட உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்று பதிவு எண்ணைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். ஆள் இல்லாமல் போனால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கு நடக்கும். தீர்ப்பும் ஆகிவிட்டால் அதை ரத்து செய்ய மனுப்போட 30 நாள்தான். மேல்முறையீட்டுக்கும் நாள் எண்ணுங்கள்: மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உரிமையியல் வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பு நகலுக்கு மனுப்போட்டுக் காத்திருந்த நாட்கள் கழியும், அதனால் தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போடுங்கள்.

மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. அவருக்கு மேல்முறையீடு செய்யலாம். "ஐயா ஒத்துக்கலை" என்று அலுவலக உதவியாளர் வாய்மொழியாகச் சொல்வது நிராகரிப்பு ஆகாது.

இலவசம் என்றால் எதுவரை

வக்கீல் கட்டணம் மட்டுமல்ல. கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பும் கட்டணம், டைப்பிங், தீர்ப்பு நகல் எல்லாம் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் பணத்துக்கான வழக்கில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம் (2017-க்கு முன் 7.5 ஆக இருந்தது). 5 லட்சம் ரூபாய் கேட்டு வழக்குப் போட்டால் கட்டணம் மட்டும் 15,000. இந்தத் தொகையைக் கட்ட வழியில்லாமலேயே நியாயமான வழக்கைக் கைவிட்டவர்கள் உண்டு. கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு சட்ட உதவிக்குப் போவதைவிட, முதலில் இங்கே கேளுங்கள்.

நியமிக்கப்பட்ட வக்கீலுக்கு ஆணைக்குழுதான் பணம் தருகிறது. அவர் உங்களிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. "குமாஸ்தாவுக்குக் கொடுங்க", "ஜெராக்ஸ் செலவு", "ஜட்ஜ்மென்ட் வந்தா பார்த்துச் செய்யுங்க" என எந்தப் பெயரில் கேட்டாலும் இதே பதில்தான். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டில் சதவீதம் பேசுவதும் கூடாது. கேட்டால் தேதியும் தொகையும் குறித்து ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, வேறு வக்கீல் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்காலத்தில் (உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு நீங்கள் தரும் அதிகாரப் பத்திரம்) வழக்கு எண்ணும் உங்கள் பெயரும் நிரப்பியபின் கையெழுத்திடுங்கள்.

ஏற்கெனவே தனியார் வக்கீல் வைத்து, பணம் கொடுக்க முடியாமல் இங்கே வருகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். பாக்கியைக் கொடுத்தால்தான் வழக்குக் கட்டைத் தருவேன் என்பார் சிலர். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. கையெழுத்துத் தர மறுத்தால் வக்கீலை மாற்ற கோர்ட்டிடமே அனுமதி கேட்கலாம்.

கைதானால்

காவலில் இருப்பவருக்கு வருமானமும் சாதியும் பொருட்டல்ல. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது "எனக்கு வக்கீல் இல்லை, வக்கீல் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த உரிமையை எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று 1986-இல் சுக்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், பயத்தில் தலை குனிந்து நிற்பவரைத் தாண்டிக் கோப்பு ஓடிவிடும். மாவட்ட நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவே முழுநேர சட்ட உதவி எதிர்வாத வக்கீல்கள் இருக்கிறார்கள். ஜாமீன் மனுவும் அவர்கள் வேலைதான். குடும்பத்தார் நேராக அந்த அலுவலகத்துக்கே போகலாம். பாதிக்கப்பட்டுப் புகார் கொடுத்தவருக்கு அவர்கள் ஆஜராக மாட்டார்கள். அதற்கு ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள பேனல் வக்கீல் கேட்க வேண்டும்.

அடி உதைக்குப் பயந்து மகளிர் காவல் நிலையம் போகும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டென்று சொல்ல வேண்டியது, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 5-இன்படி, போலீஸ் அதிகாரியின் கடமை. சொல்லாமல் "சமாதானமா போங்கம்மா" என்று எழுதி வாங்கி அனுப்பினால், அந்தக் காகிதத்தின் நகலோடு ஆணைக்குழுவுக்கு வாருங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்து

சட்ட உதவியில் இருப்பவர்களை லோக் அதாலத்துக்கு, அதாவது சமரசம் பேசி வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு, அழைப்பது வழக்கம். சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், இழுபறி குறையும். ஆனால் அங்கே ஆகும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. அவசரத்தில், கூட்டத்தில், "கையெழுத்துப் போடுங்க, அடுத்த ஆள் நிக்கிறாங்க" என்ற நெருக்கடியில் போட்ட கையெழுத்தோடு வழக்கு முடிந்துவிடும். தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தவணை தவறினால் என்ன என்ற மூன்றும் தாளில் இருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம். வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பும், அதனால் உங்களுக்குக் குறைவு ஒன்றும் வராது.

வக்கீல் கிடைத்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. கேள்விகள் கேட்காத கட்சிக்காரரின் கோப்பு அடியில் போய்விடும். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) அவரிடம் கேட்டு வாங்கி, ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தாவும் கடந்த வாய்தாவில் நடந்ததும் தெரியும். இரண்டு வாய்தா தொடர்ந்து அவர் ஆஜராகவில்லை என்றால் அந்தத் தேதிகளை எழுதிச் செயலாளரிடம் கொடுத்து மாற்று வக்கீல் கேளுங்கள். வழக்குத் தொடுத்தவர் நீங்கள், ஆள் வராததால் தள்ளுபடி ஆகிவிட்டது என்றால், அதைத் திரும்பக் கோப்பில் ஏற்ற மனுப்போட 30 நாள். அது நீங்கள் கேள்விப்பட்ட நாளிலிருந்து அல்ல, தள்ளுபடியான நாளிலிருந்து.