பழைய ரியோஹா ஒயினில் துவர்ப்பு எங்கே போகிறது?

இளம் சிவப்பு ஒயினைக் குடித்தால் பாக்கு மென்றதுபோல நாக்கு வறண்டு இழுக்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின்தான் காரணம். வாயை வழவழப்பாக வைத்திருக்கும் உமிழ்நீர்ப் புரதங்களை அது பற்றிக்கொள்ள, நாக்கும் கன்னமும் உரசத் தொடங்குகின்றன. ஆக, துவர்ப்பை நாம் பெரும்பாலும் தொடுவுணர்வாகவே அறிகிறோம்.

வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரைப் பகுதியான ரியோஹாவில், டெம்ப்ரனில்யோ திராட்சையை முதன்மையாகக் கொண்டு செய்யும் சிவப்பு ஒயின், 'கிரான் ரெசர்வா' முத்திரை பெறக் குறைந்தது 5 ஆண்டுகள் முதிர வேண்டும். அதில் 2 ஆண்டுகளாவது ஓக் மரப் பீப்பாயில் கழியும். பீப்பாயின் கொள்ளளவு சுமார் 225 லிட்டர்.

மாற்றத்தைத் தொடங்கி வைப்பது ஆக்சிஜன். பீப்பாய் வழியாக மிகச் சிறிய அளவில் உள்ளே வரும் ஆக்சிஜனால் ஆல்கஹாலில் கொஞ்சம் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. அது டானினையும் ஆந்தோசயனின் என்ற நிறமியையும் இணைக்கும் பாலமாகிறது. ஊதா கலந்த சிவப்பு மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு வருகிறது. கோப்பையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்துப் பிடித்தால், விளிம்பில் அந்த நிறம் தெரியும்.

அப்புறம், இப்படி இணைந்து பெருத்த மூலக்கூறுகளில் ஒரு பகுதி வண்டலாக இறங்குகிறது. துவர்ப்பு குறைய இது ஒன்றே காரணம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஒயினின் அமிலம் நீண்ட டானின் சங்கிலிகளை உடைக்கவும் செய்கிறது. உருமாறிய டானின் பலவற்றுக்குப் புரதத்தைப் பற்றும் வலு முன்புபோல இல்லை.

மணமும் மாறுகிறது. ரியோஹாவின் பழைய வழக்கப்படி அமெரிக்க ஓக்கில் வைத்தால் மரத்திலிருந்து வனிலா மணம் தரும் வனிலின் இறங்கும். தேங்காய் மணம் தரும் லாக்டோனும் சேரும். புதுப் பழ வாசம் தரும் எஸ்டர்கள் சில பாட்டிலில் சிதைய, உலர் அத்தி, பதனிட்ட தோல், புகையிலை போன்ற மணங்கள் முன்னுக்கு வருகின்றன. என்னைக் கேட்டால், முதிர்ந்த ஒயினின் அழகே இதுதான்.

சுவைக்கும்போது பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் தங்கும். ஒயின் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருந்தால் போதும். விழுங்கியதும் மூக்கு வழியே மூச்சு விடுங்கள். தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம்தான் நாம் 'சுவை' என்று நினைப்பதில் பெரும்பகுதி. மிகப் பழைய ஒயினைத் திறந்து மணிக்கணக்கில் காற்றாட விட வேண்டாம். மென்மையான மணங்கள் சீக்கிரம் மங்கிவிடும்.