துணியில் சுற்றிய முருங்கைக்கீரை

முருங்கைக்கீரையை உட்கார்ந்து உருவுவது பொறுமையைச் சோதிக்கிற வேலை. அதற்குப் பல வீடுகளில் ஒரு குறுக்குவழி உண்டு. இரவில் கீரைக்கட்டைத் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுவார்கள். காலையில் பிரித்து உதறினால் இலைகள் பொலபொலவென்று கொட்டும்; வெறும் ஈர்க்குதான் கையில் நிற்கும்.

மரத்திலிருந்து ஒடித்ததும் கீரை செத்துவிடுவதில்லை. அதன் செல்கள் தம்மிடமுள்ள சர்க்கரையை எரித்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்கின்றன. கூடவே எத்திலீன் என்ற வாயுவையும் துளித்துளியாக வெளிவிடுகின்றன. துணிக்குள் அந்த வாயு தங்கிப்போகிறது. இலை காம்போடு சேரும் இடத்தில் செல் சுவர்களைக் கரைக்கும் நொதிகளை அது தூண்டிவிட, இலை தானாகக் கழன்றுகொள்கிறது.

நமக்கு வேலை மிச்சமாக்கும் இந்த வாயுதான் வேறொரு பக்கம் காசையும் கரைக்கிறது. பாலிதீன் பையை முடிச்சுப் போட்டபடியே பிரிட்ஜில் தள்ளிய கொத்தமல்லி மூன்றாம் நாளே மஞ்சளாகிப் போவதில் இதற்கும் பங்கு உண்டு.

எத்திலீனை அடையாளம் காட்டியவர் ரஷ்யாவின் திமித்ரி நெல்யூபோவ். நிலக்கரி வாயு விளக்கு எரிந்த ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் நேராக வளராமல் பக்கவாட்டில் சாய்வதைக் கண்டு, காரணம் அந்த வாயுவில் கலந்திருக்கும் எத்திலீன் என்று 1901இல் சொன்னார். பழங்களே இதை உற்பத்தி செய்கின்றன என்பதை இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் 1934இல் ஆப்பிளைக் கொண்டு நிறுவினார். வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போட்டவர்களும், மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்த பாட்டிகளும் பெயர் தெரியாமலே இதைக் கையாண்டவர்கள்தான். புகையில் எத்திலீன் இருக்கிறது. அரிசிப் பானையோ மாங்காய் விடுகிற எத்திலீனை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது.

வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீனை ஏராளமாக வெளிவிடுபவை. அந்த எத்திலீன் இன்னும் எத்திலீன் சுரக்கவும் தூண்டும். அதனால்தான் பழுக்கத் தொடங்கிய ஒரு பழம் பக்கத்திலிருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரே கூடையில் வாழைப்பழத்துக்கு அடியில் கிடக்கும் வெள்ளரி மஞ்சளிக்கும், பாகற்காய் பழுத்து வெடிக்கும், கத்திரிக்காயின் காம்புத்தொப்பி கழன்று விழும். சந்தையிலிருந்து வந்ததும் பழத்தை ஒரு பக்கம், காயையும் கீரையையும் ஒரு பக்கம் என்று பிரித்துவைப்பது செலவில்லாத வைத்தியம். காயாக வாங்கிய பப்பாளி சீக்கிரம் பழுக்க வேண்டுமா? ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துக் காகிதத்தில் சுற்றிவையுங்கள்.

வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் காய்களின் மூச்சு ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகிறது. சித்திரை வெயிலில் வண்டியின் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்த பீன்ஸ், வீட்டுக்கு வருவதற்குள்ளேயே தன் ஆயுளில் கணிசமானதைச் செலவழித்திருக்கும். பிரிட்ஜ் செய்வது இந்த மூச்சை மட்டுப்படுத்துவதுதான். ஆனால் எல்லாவற்றையும் அதற்குள் அடைக்கிற நம் பழக்கம் சரியில்லை. வெப்ப நாட்டுக் காய் பலவற்றுக்குக் குளிரே நோய். சுமார் 13 டிகிரிக்குக் கீழே வாழைப்பழத் தோலின் செல் சவ்வுகள் சிதைந்து கருக்கின்றன. கத்திரிக்காய் குழிவிழுந்து உள்ளே பழுப்பாகும். தக்காளி மணத்தை இழக்கும். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுவல் இனிப்பும் கறுப்புமாகத் திரும்பும். உருளைக்குக் காற்றோட்டமும் இருட்டும் போதும். வெங்காயத்தை அதோடு கொட்டாமல் உலர்வான இடத்தில் தனியாக வைக்கலாம்.

கொசுறாக வந்த கறிவேப்பிலையின் சிக்கல் வேறு: தண்ணீர். திறந்து போட்டால் சருகாகும், ஈரத்தோடு மூடினால் அழுகும். இலையின் மேல் நீர்ப்படலம் நின்றால் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். அதனால் அலசாமல், அல்லது அலசி நன்றாக உலர்த்தி, உருவிய இலையைப் பருத்தித் துணியோடு டப்பாவில் மூடிவைக்க வேண்டும். துணி வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும்; டப்பாவுக்குள் இருக்கும் ஈரக்காற்று இலையை வாட விடாது. கொத்தமல்லிக்கும் இதே கவனிப்புதான், வேரை மட்டும் நறுக்கிவிட வேண்டும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்திய வீடுகளுக்கான மதிப்பீடு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. பழத்தோல், எலும்பு போன்றவையும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ஆகவே முருங்கைக்காய்ச் சக்கைக்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

சக்கையை விடுங்கள், மிஞ்சுகிற சோற்றுக்கு வருவோம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். அவை உலை கொதியையும் தாங்கிவிடும். குக்கரிலேயே வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் அழியாது. ஆகவே மிஞ்சியதை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இல்லையென்றால் பழைய சோறு. ஆறிய சோறு மூழ்க நீர் ஊற்றும்போது காற்று குறைகிறது. அந்தச் சூழலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தழைத்து, நீரைப் புளிக்கவைக்கின்றன. புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகளுக்கு இடமில்லாமல் போகிறது. அதற்கும் சோறு சீக்கிரம் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். பாதி இரவுவரை அடுப்படியில் கிடந்துவிட்டு, அப்புறம் நினைவு வந்து நீர் ஊற்றிய சோற்றை நம்பிச் சின்ன வெங்காயம் உரிக்காதீர்கள்.