அம்பாசடரின் துரு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

டிங்கரிங் முடித்து, பெயிண்ட் அடித்து, பளபளவென்று வீடு திரும்பிய அம்பாசடர். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கதவின் அடி விளிம்பில் மிளகளவு கொப்புளம் ஒன்று எழும்புகிறது. நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் ஓடாக உதிர்ந்து அடியில் செம்பொடி தெரிகிறது. பெயிண்ட் மட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் பெயிண்டின் மேல் பழி இல்லை. அதற்கு அடியில் வைத்துப் பூட்டிய உப்பும் ஈரமும்தான் காரணம்.

வேலூர் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. உப்புக்காற்று இங்கே வருவதில்லை, ஆனால் உப்பு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலில் பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பு போட்டுத்தான் கொண்டுவருவார்கள். அதன் கழிவுநீர் பல பத்தாண்டுகளாகப் பாலாற்றுப் படுகையில் இறங்கியதால் பல ஊர்களில் போர் தண்ணீர் உவர்ப்பாகிவிட்டது. அந்தத் தண்ணீரில் காரைக் கழுவி வெயிலில் விட்டால் நீர் ஆவியாகும், உப்பு தகட்டு மடிப்புகளில் தங்கிவிடும்.

துருப்பிடிக்கும் தகடு ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்கிறது. ஓரிடத்தில் இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இன்னோர் இடத்தில் நீரையும் ஆக்சிஜனையும் ஹைட்ராக்சைடாக மாற்றுகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது. இந்தச் சுற்று முழுமையடைய நீர் வழியாக மின்சாரம் கடக்க வேண்டும். சுத்தமான மழைநீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உப்புநீர் நன்றாகக் கடத்தும். போதாததற்கு, இரும்பின் மேல் தானாக உருவாகும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உப்பிலுள்ள குளோரைடு துளைத்துவிடும்.

கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் யூ. ஆர். எவன்ஸ் 1920களில் ஒரே ஒரு உப்புநீர்த் துளியை வைத்து இதைக் காட்டினார். இரும்பின் மேல் துளியை விட்டால் காற்று படும் ஓரம் பத்திரமாக இருக்கும். ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதிதான் அரிக்கும். பழைய காரில் ரப்பர் மேட்டுக்கு அடியிலுள்ள தரை, கண்ணாடி பீடிங்கின் உள்பக்கம், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த தகடுகளின் இடைவெளி, இவையெல்லாம் அந்தத் துளியின் நடுப்பகுதிதான். கண்ணுக்குத் தெரியும் இடம் நன்றாக இருக்கும்போதே தெரியாத இடம் ஓட்டையாவது இதனால்தான்.

உருவாகும் துரு, கரைந்த இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். அதனால் பெயிண்டை நெம்பித் தூக்கும், அடுத்த ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சியும் வைத்துக்கொள்ளும். பெயிண்டுக்கு அடியில் உப்பு மாட்டிக்கொண்டால் இன்னொரு தொல்லை. பெயிண்ட் படலம் நீராவியை மெல்ல உள்ளே விடும். உப்பை வெளியே விடாது. தோலுக்கு உப்பு போட்டால் உள்ளிருக்கும் நீர் உப்பை நோக்கி வருமல்லவா, அதே சவ்வூடு பரவல் இங்கே வெளியிலிருக்கும் ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் ஆக்குகிறது.

இனி வேலைக்கு வருவோம். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடி, சக்கர வளைவு, ஸில் (கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு), டிக்கியின் ஸ்டெப்னி குழி ஆகிய இடங்களில் நகர்த்திப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் பழைய பட்டி, அதாவது பள்ளம் நிரப்பப் பூசும் பசை, கனமாக இருக்கிறது. ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டும்போது 'டங்' என்று ஒலிக்காமல் மொத்தென்று கேட்டால் அங்கும் அப்படித்தான். மேட்டையும் சணல் விரிப்பையும் முழுக்க எடுக்காமல் தரையை மதிப்பிடக் கூடாது.

உப்புத்தாளைத் தொடும் முன் தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்க எண்ணெய் உள்ளே இறங்கும். கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ் ஆளை ஏமாற்றும். குழிகளுக்குள் இருக்கும் துருவை எடுக்காமலேயே மெருகேற்றி இரும்பு போல மின்ன வைத்துவிடும். அதைவிட 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க், அதாவது உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு, நல்லது. ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் தகடு நீலம் பாரித்து மெலியும். பழைய மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் ப்ரைமர் (பெயிண்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு) தெரிந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் இருப்பது புற்றுநோய் தரும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். குரோமியக் கழிவைப் பார்த்த ராணிப்பேட்டைக்காரர்களுக்கு அதன் கேடு புதிதல்ல.

குழிகளில் மிஞ்சும் துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் இருக்கிறது. ஒரு வகையில் பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். மற்றொன்றில் இருப்பது டானின், அதாவது கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள அதே துவர்ப்புப் பொருள். இந்த வட்டாரம் தலைமுறைகளாகத் தோல் பதனிட்டது இதை வைத்துத்தான். கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டால் கறுக்கும். அந்தக் கறுப்புதான் இரும்பு டானேட். ஆனால் கன்வர்ட்டர் மெல்லிய துருவுக்கே உதவும். செதிலாகப் பெயரும் துருவின் மேல் பூசினால் மேற்பரப்பு கறுக்கும், அடியில் அரிப்பு தொடரும். அமில வகையைப் பூசினால் காயவிடாமல் ஈரமாக வைத்திருந்து, பிறகு நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். மிச்ச அமிலம், அடுத்துப் பூசப்போகும் எபாக்சி ப்ரைமரை ஒட்டவிடாது.

ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்து ஒட்டுப் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அம்பாசடர் தனிச் சட்டம் (சேஸிஸ்) இல்லாமல் உடல் தகடே பாரம் தாங்கும் மோனோகாக் கார். ஸில்தான் அதன் முதுகெலும்பு. இரண்டு ஸில்லையும் ஒரே நேரத்தில் வெட்டினால் நடுவில் தொய்ந்து கதவு பூட்டாது. கதவு வாயில் குறுக்குக் கம்பி வைத்து டாக் அடித்துவிட்டு (தற்காலிகமாகப் புள்ளி வெல்டிங் வைத்து) ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். துருவின் எல்லையிலிருந்து 25 மி.மீ. தள்ளி நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, பழைய தகட்டின் கனத்துக்கே புதிய சி.ஆர். ஷீட்டை (கோல்டு ரோல்டு இரும்புத் தகடு) எடுங்கள். வெளித்தகடுகளுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ. பெரும்பாலும் பொருந்தும். ஒட்டின் மூலைகள் வட்டமாக இருக்கட்டும். கூர்மூலையில் விரிசல் பிறக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் போட்டால் வெல்டிங் படும் ஓரத்தில் துத்தநாகத்தை உரித்துவிடுங்கள். அதன் புகை காய்ச்சலைத் தரும்.

கேஸ் வெல்டிங்கைவிட சி.ஓ.2 வெல்டிங் நல்லது. 300 மி.மீ. தகடு 500 டிகிரி சூடேறினால் 1.8 மி.மீ. நீளும், போக இடமில்லாமல் அது வயிறு தள்ளும். அதனால் ஒரே கோடாக ஓட்டக் கூடாது. 25 மி.மீ. இடைவெளியில் புள்ளி வைத்து, எதிர்ப்பக்கத்துக்குத் தாவி, கை வைக்க முடிகிற அளவு ஆறிய பிறகு அடுத்த புள்ளி. பேட்டரி வயரைக் கழற்றுவது, பெட்ரோல் டேங்க்கை இறக்குவது, பின்பக்கத்துச் சணலை எடுப்பது மூன்றையும் தவறவிடாதீர்கள். தீ பிடிப்பது அங்கிருந்துதான்.

நம் பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் பெரிய தவறு இதற்குப் பிறகு வருகிறது. வெறும் தகட்டில் பட்டி போட்டு, வாட்டர் பேப்பரும் போர் தண்ணீருமாகத் தேய்ப்பார்கள். பட்டியிலுள்ள டால்க் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய உவர்நீரை அப்படியே பெயிண்டால் மூடினால் கொப்புளம் நிச்சயம். வரிசையை மாற்றுங்கள். துடைத்து உலர்ந்த தகட்டில் அன்றைக்கே இரண்டு கோட் எபாக்சி ப்ரைமர். மழைக்காலத்தில் சில மணி நேரத்திலேயே வெற்றுத் தகடு துருவேறத் தொடங்கிவிடும். ஹார்டனர் கலக்காத ஒற்றை டப்பா ரெட் ஆக்சைடு ப்ரைமர் ஈரத்தைப் புகவிடும். பழைய காருக்கு அதை நம்ப வேண்டாம். எபாக்சியைச் சற்றே கீறிவிட்டு அதன்மேல் பட்டி. 100 கிராம் பட்டிக்கு அதை இறுக்கும் ஹார்டனர் 2 கிராம் போதும். கூடினால் மஞ்சள் கறை பின்னாளில் பெயிண்ட் வழியே எட்டிப் பார்க்கும். சித்திரை வெயிலில் சில நிமிடங்களில் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கனம் 2, 3 மி.மீ. தாண்டினால் தகட்டைத் தட்டிச் சமப்படுத்தும் வேலை மிச்சமிருக்கிறது என்று பொருள். பட்டியை உலர்வாகத் தேய்த்து, மேலே மீண்டும் எபாக்சி. கழுவ வேண்டிய கட்டங்களில் கேன் ஆர்.ஓ. தண்ணீரே கைகொடுக்கும். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 100க்குள் காட்டினால் போதுமானது.

கடைசியாக, வெல்டிங்கின் பின்பக்கம். பெயிண்ட் எரிந்து போன அந்த உள்பக்கத்தைக் கவனிக்காததால்தான் நல்ல ஒட்டும் உள்ளிருந்து ஓட்டையாகிறது. தகடுகள் சேரும் இடத்தில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர் பூசி, ஸில் துளைகள் வழியாக நீண்ட குழாயால் உள்ளறைகளுக்கான மெழுகான கேவிட்டி வாக்ஸைத் தெளியுங்கள். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் பழக்கம் வேண்டாம்; அதில் அமிலமும் ஈரமும் உண்டு, ரப்பரையும் கெடுக்கும். கீழே தார் பூசுவதாக இருந்தால் சுத்தமான உலோகத்தில் ப்ரைமர் கண்ட பிறகே. துருவின் மேல் பூசிய தார் வெடித்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கதவடியில் உள்ள நீர் வடியும் துளைகளைப் பட்டியோ வாக்ஸோ அடைத்திருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். புரட்டாசி முடியும் முன் ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதம் மறுமுறை.